பெர்லின் கோடெக்ஸ் 8502: மரியாளும் பேதுருவும் ஒரே அட்டைக்குள் எப்படி?

வடகரை

வணக்கம் மக்களே. ஒரு பழைய புத்தகம் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு, அதான் இங்கே கொண்டுவந்து போடுறேன்.

பெர்லின் எகிப்திய அருங்காட்சியகத்தின் பாப்பிரஸ் சேகரிப்பில் 8502ன்னு எண் போட்ட காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவர்களின் பழைய மொழி) நூல் ஒண்ணு இருக்கு. 1896 ஜனவரியில் கார்ல் ரைன்ஹார்ட் என்கிற ஜெர்மானியர் கெய்ரோவில் வாங்கினது. விற்றவர் அக்மீம் ஊர் வியாபாரி, அதனால அக்மீம் கோடெக்ஸ்னும் சொல்வாங்க (கோடெக்ஸ்னா தாள்களைச் சேர்த்துத் தைச்ச புத்தகம்). 5ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதப்பட்டிருக்கலாம்கிறது பொதுவான கணிப்பு.

உள்ளே நாலு நூல். முதல்ல மரியாளின் நற்செய்தி. அப்புறம் யோவானின் இரகசிய நூல். மூணாவது இயேசு கிறிஸ்துவின் சோபியா. கடைசியா பேதுருவின் செயல்னு ஒரு சின்னக் கதை.

இப்போ என் குழப்பம். முதல் மூணும் ஞானவாதக் கூட்டத்தைச் சேர்ந்த நூல்கள், அதாவது இரகசிய ஞானத்தால்தான் ஆத்துமா உடம்புச் சிறையிலிருந்து மீளும்னு நம்பினவங்களோடது. நாலாவதில் ஞானவாதத்தின் வாசனையே இல்லை. அதுமட்டுமில்லை, முதல் நூலில் பேதுரு மரியாளை மட்டம்தட்டிக் கண்ணீர் விட வைக்கிறார். நாலாவது நூலில் அதே பேதுருதான் நாயகர், அற்புதம் செய்றார், கூட்டமே அவர் காலடியில் கிடக்கு. இந்த ரெண்டையும் ஒரே கையெழுத்தில் எழுதி ஒரே அட்டைக்குள்ளே தைச்சவங்க யாரு? என்ன நினைச்சுச் சேர்த்தாங்க?

கோபி_கோவை

மரியாளின் நற்செய்தி! இதைத்தானே இத்தனை வருஷம் அமுக்கி வெச்சிருந்தாங்க? 1896இல் கையில் கிடைச்சது 1955இல்தான் அச்சுக்கு வந்தது. 59 வருஷம் சார். அதே புத்தகத்துல இருந்த பேதுரு கதையை மட்டும் 1903லேயே வெளியிட்டுட்டாங்க. சாதகமானது உடனே வெளியே, பாதகமானது பெட்டிக்குள்ளே. இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்?

ஏட்டுப்பூச்சி

கோபி சார், வருஷக் கணக்கு சரி, காரணம் வேற. அந்த 59 வருஷம் எப்படிப் போச்சுன்னு வரிசையாச் சொல்றேன்.

கார்ல் ஷ்மிட் காப்டிக் அறிஞர். ஏடு பெர்லினுக்கு வந்த அதே 1896இல் பிரஷ்ய அகாடமிக்கு அறிக்கை கொடுத்து, உள்ளே என்னென்ன நூல் இருக்குன்னு உலகத்துக்கே சொல்லிட்டார். ஒளிச்சு வைக்கிறவன் செய்ற வேலையா இது? அதைவிட முக்கியமா ஒண்ணு கண்டுபிடிச்சார். கி.பி. 180 வாக்கில் லியோன் நகர ஆயர் இரனேயு தன் எதிரிகளைத் திட்டி எழுதின பெரிய நூலில், முதல் புத்தகம் 29ஆம் அதிகாரத்தில் ஒரு கொள்கையைச் சுருக்கிச் சொல்வார். அது யோவானின் இரகசிய நூலின் முதல் பகுதியோடு ஒத்துப்போகுது. அதுவரைக்கும் ஞானவாதிகளைப் பத்தி அவங்க எதிரிகள் சொன்னதை வெச்சுத்தான் பெரும்பாலும் பேசிக்கிட்டிருந்தாங்க. எதிரி சுருக்கின அதே சரக்கின் மூலம் கையில் கிடைச்சது அப்போதான்.

பேதுரு கதையை 1903இல் தனியா வெளியிட்டதுக்குக் காரணம், பழைய பேதுரு பணிகள் நூலின் தொலைஞ்ச முன்பகுதி அதுன்னு அவர் நம்பினார். அந்த நூலைப் பத்தின ஆராய்ச்சியில் அதுவும் சேர்ந்து வந்தது. மத்த மூணும் பெரிய வேலை. 1912இல் லைப்சிக் அச்சகத்தில் வேலை முடியுற நேரம், தண்ணீர்க் குழாய் வெடிச்சு அச்சான அத்தனையும் நாசம். அப்புறம் முதல் உலகப் போர். ஷ்மிட் வேற வேலைகளில் மூழ்கிட்டார். மறுபடி கையில் எடுத்த 1938லேயே கெய்ரோவில் இறந்துட்டார். வால்டர் டில் பொறுப்பேத்துப் போர்க்காலத்தில் உட்கார்ந்து முடிச்சார். அச்சிட வழி இல்லை. போர் ஓயும்போது 1945 டிசம்பரில் எகிப்தின் நாக் ஹம்மாதி ஊர்ப் பக்கம் புதைஞ்சு கிடந்த காப்டிக் ஏடுகள் கிளம்பிருச்சு. அதில் யோவானின் இரகசிய நூலுக்கு மூணு பிரதி, சோபியாவுக்கு ஒண்ணு. அதையெல்லாம் பார்க்காம எப்படி அச்சிடுறதுன்னு மறுபடி காத்திருப்பு. கடைசியில் 1955.

குழாய், ரெண்டு போர், ஒரு சாவு, ஒரு புதையல். இதில் எதை வாடிகன் கணக்கில் எழுதுறது? ஷ்மிட் புராட்டஸ்டண்ட் வேற.

கோபி_கோவை

சரி, குழாயை விடுங்க. மரியாளின் நற்செய்தியில் பக்கம் கிழிஞ்சிருக்கிறது எப்படி? அதுவும் அவ தரிசனத்தைச் சொல்ற இடத்திலேயே, கச்சிதமா?

ஏட்டுப்பூச்சி

1 முதல் 6 வரை இல்லை. 11 முதல் 14 வரை இல்லை. 7இல் தொடங்கி 19இல் முடியுது, ஆக பாதிக்கு மேல் போச்சு. ஆனா பேதுரு கதையிலும் 133, 134 இல்லையே? அதுவும் கதையின் உச்சத்தில். பேதுருவுக்கு எதிரா சதி செஞ்சது யாரு அப்போ?

முதல் ஏடுகள் போறது எந்தப் பழைய புத்தகத்திலும் சகஜம், மேலே இருக்கிறதுதான் முதல்ல அடிபடும். நடுவில் போனது வியாபாரிகள் கை மாறினதில் போயிருக்கலாம். ரைன்ஹார்ட் கைக்கு வரும்போதே ஏடுகள் வரிசை குலைஞ்சுதான் இருந்தது. விற்ற ஆள் சொன்ன கதை, சுவர் மாடத்துக்குள்ளே இறகுகளில் பொதிஞ்சு இருந்ததுன்னு. ஷ்மிட் அதை முழுசா நம்பலை, அக்மீம் கல்லறைப் பக்கம் கிடைச்சிருக்கும்னு நினைச்சார். பழம்பொருள் வியாபாரி கண்டெடுத்த இடத்தை உள்ளபடி சொன்னா மறுநாள் அங்கே போட்டிக்காரன் தோண்டுவான் இல்லையா.

சகாயம்

வடகரை அண்ணன் கேட்ட கேள்விக்கு வர்றேன். நான் சில காலம் குருமடத்தில் இறையியல் படிச்சவன், அந்தப் பார்வை இதில் இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல, மரியாளின் நற்செய்தியில் பேதுரு வில்லன் இல்லை. இருக்கிற பக்கங்களை நிதானமாப் படிங்க. மீட்பர் விடைபெற்றுப் போனதும் சீடர்கள் அழறாங்க. அவரையே விட்டுவைக்காதவங்க நம்மளை விடுவாங்களான்னு பயம். மரியாள் எழுந்து எல்லாரையும் தேத்துறா. அப்போ, மீட்பர் மத்தப் பெண்களைவிட உன்னை அதிகம் நேசிச்சார்னு எங்களுக்குத் தெரியும், நாங்க கேட்காததை நீ கேட்டிருந்தா சொல்லுன்னு வலியக் கேட்கிறதே பேதுருதான். அவ சொல்லி முடிச்சதும் முதல்ல சந்தேகப்படறது அந்திரேயா, இதெல்லாம் விநோதமான போதனையா இருக்கேன்னு. அதுக்கு அப்புறம்தான் பேதுரு, நமக்குத் தெரியாம ஒரு பெண்ணோட தனியாப் பேசினாரா, நாமெல்லாம் இவ சொல்றதைக் கேக்கணுமான்னு வெடிக்கிறார். மரியாள் அழறா. லேவி என்கிற இன்னொரு சீடர் குறுக்கே வந்து, நீ எப்பவுமே முன்கோபி, எதிரியோட மல்லுக்கு நிக்கிற மாதிரி இவளோட நிக்கிற, மீட்பரே இவளைத் தகுதியுள்ளவளா ஆக்கியிருக்கும்போது தள்ள நீ யாருன்னு கேட்கிறார்.

இது குடும்பத்துக்குள்ளே நடக்கிற சண்டை. பேதுருவைத் தூக்கி எறியலை. அதனால அதே அட்டைக்குள்ளே பேதுரு கதை வந்தா எனக்கு ஆச்சரியமே இல்லை.

இன்னொண்ணு, அந்த மரியாள் மகதலேனாதான்னு ஏட்டில் எங்கேயும் இல்லை. வெறும் மரியாள். பெரும்பாலானவங்க மகதலேனான்னு எடுத்துக்கிறாங்க, இயேசுவின் தாயா இருக்கலாம்னு வாதிட்டவங்களும் உண்டு.

மரகதவல்லி

குறுக்கே வந்ததுக்கு மன்னிக்கணும். இயேசு "என் மனைவி"ன்னு சொல்ற ஏடு இதுதானா? உதட்டில் முத்தம் வரும்னு எங்கேயோ படிச்சேனே.

சகாயம்

ரெண்டுமே இது இல்லைங்க. மனைவி விஷயம் 2012இல் அறிவிச்ச ஒரு துண்டுச் சீட்டு. 2016இல் அது போலின்னு கிட்டத்தட்ட முடிவாயிருச்சு, வெளியிட்ட ஹார்வர்டு பேராசிரியரே ஒத்துக்கிட்டாங்க. முத்தம் வர்றது நாக் ஹம்மாதியின் பிலிப்பு நற்செய்தியில். அங்கேயும் எந்த இடத்தில்னு சொல்ற வார்த்தை ஏட்டின் ஓட்டையில் போயிருச்சு. உதடுன்னு நிரப்பினது நம்ம காலத்து ஆட்கள்.

மாலதி_ந

எல்லாரும் மரியாளையே பேசுறீங்க. நாலாவது கதையை யாராவது முழுசாப் படிச்சீங்களா? படிச்சிருந்தா இவ்வளவு நிதானமா இருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை. நோயாளிகளைக் கூட்டம் கூட்டமா பேதுருகிட்ட கொண்டு வர்றாங்க, எல்லாரையும் குணமாக்குறார். கூட்டத்தில் ஒருத்தன் துணிஞ்சு கேட்கிறான்: குருடனுக்குப் பார்வை கொடுத்தீங்க, செவிடனுக்குக் காது கொடுத்தீங்க, உங்க சொந்த மக ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு அந்த மூலையில் கிடக்காளே, அவளை ஏன் விட்டுட்டீங்க? பேதுரு சிரிக்கிறார். கடவுளால் முடியாதுன்னு நினைக்காதீங்கன்னு சொல்லி, மகளே எழுந்து வான்னு கூப்பிடுறார். அவ எழுந்து நடந்து வர்றா. கூட்டம் ஆர்ப்பரிக்குது. உடனே அவர் சொல்றார்: திரும்பிப் போ, பழையபடி படுத்துக்கோ, உனக்கும் எனக்கும் அதுதான் நல்லது. அந்தப் பொண்ணு போய்ப் படுத்துக்குது. மறுபடி இழுத்துக்குது.

கூட்டம் அழுது கெஞ்சுது. அப்புறம் விளக்கம் சொல்றார். அவ பிறந்த அன்னைக்கே, இவ உடம்பு நல்லா இருந்தா பல ஆத்துமாக்கள் காயப்படும்னு ஒரு தரிசனமாம். பத்து வயசாகும்போது தொலெமேயு என்கிற பணக்காரன், அவ அம்மாவோட குளிக்கிறதைப் பார்த்துட்டுக் கல்யாணம் பண்ணிக்கொடுன்னு ஆள் மேல ஆள் அனுப்பறான். அம்மா சம்மதிக்கலை. இங்கேதான் அந்த ரெண்டு பக்கம் இல்லை. மறுபடி கதை தொடங்கும்போது அவனோட ஆட்கள் பொண்ணை வாசலில் கிடத்திட்டுப் போயிட்டாங்க. போய்ப் பார்த்தா, தலையிலிருந்து கால்விரல் வரை ஒரு பக்கம் செத்துக் கிடக்கு. தன் அடியாளைக் கறைபடாமக் காப்பாத்தின ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு தூக்கிட்டு வர்றாங்களாம்.

அந்த ஆள் அழுது அழுது கண் போகுது. தூக்கு மாட்டிக்கப் போறான், ஒளி வருது, குரல் வருது, பேதுருகிட்ட வந்து பார்வையும் வருது. சாகும்போது அந்தப் பொண்ணு பேருக்கு ஒரு நிலத்தை எழுதி வெக்கிறான். பேதுரு அதை வித்து மொத்தத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்துடறார்.

அவனுக்குப் பார்வை திரும்புது. அவளுக்கு உடம்பு திரும்பலை. சொத்து அவ பேரில் வந்தது, அதுவும் போச்சு. கதை முழுக்க அந்தப் பொண்ணுக்குப் பேரும் இல்லை, ஒரு வார்த்தை பேச்சும் இல்லை. இதைப் போய் அற்புதக் கதைன்னா எப்படி?

வடகரை

அக்கா, நான் இதை மேலோட்டமாத்தான் படிச்சிருந்தேன். நீங்க சொல்லும்போதுதான் அந்த "திரும்பிப் போய்ப் படு" எவ்வளவு கொடூரம்னு உறைக்குது.

சகாயம்

மாலதி அக்கா, கோபம் நியாயம். பிற்காலத்தில் அவளுக்கு பெட்ரோனில்லான்னு பேர் வெச்சு ரோமில் புனிதையா ஆக்கினாங்க. அது வேற மரபு, இந்த ஏட்டில் இல்லை. ஆனா பேதுருவின் ஜெபத்தால மகள் முடக்குவாதத்திலிருந்து குணமான கதை அகஸ்டினுக்குத் தெரியும், மானி என்பவரைப் பின்பற்றி உடலைத் தீமையாப் பார்த்த மானிக்கேயர்கள் அந்தக் கதையைக் கையாளுறதை அவரே எழுதியிருக்கார். உடலைத் தள்ளி வைக்கிற எந்தக் கூட்டத்துக்கும் இந்தக் கதை வேண்டியதா இருந்திருக்கு.

ஏட்டுப்பூச்சி

சகாயம் கடைசியில் சொன்ன வரியிலேதான் வடகரையின் கேள்விக்குப் பதில் இருக்குன்னு எனக்குத் தோணுது. கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நாலு நூலையும் ஞானவாதம், ஞானவாதம் இல்லாததுன்னு பிரிக்கிறது நம்ம வேலை. அந்த ஏட்டைக் கையில் வெச்சிருந்தவருக்கு அந்தப் பிரிவு இருந்திருக்கணும்னு கட்டாயம் இல்லை. அவர் கண்ணால பாருங்க. நாலிலும் ஓடுறது ஒரே கவலை: உடம்பும் இச்சையும் ஆத்துமாவை எப்படிப் பிடிச்சு வைக்குது, அதிலிருந்து எப்படி நழுவுறது.

மரியாளின் நற்செய்தியில் தரிசனத்தின் பின்பாதி 15ஆம் பக்கத்தில் தொடங்குது. ஆத்துமா மேலே ஏறிப் போகுது, வழியில் அதிகாரங்கள் மறிக்குது. இச்சை வந்து, நீ கீழே இறங்கினதை நான் பார்க்கலை, இப்போ ஏறுறதைப் பார்க்கிறேன், நீ என்னுடையவ ஆச்சே, ஏன் பொய் சொல்றேன்னு கேட்குது. ஆத்துமா சொல்ற பதிலின் சாரம்: நான் உன்னைப் பார்த்தேன், நீ என்னைப் பார்க்கவும் இல்லை அறியவும் இல்லை, என் மேலிருந்த உடையைத்தான் நீ நான்னு நினைச்சே. சொல்லிட்டு ஏறிப் போயிடுது. அடுத்து அறியாமை, அடுத்து ஏழு முகம் கொண்ட கோபம். சுங்கச்சாவடி மாதிரி ஒவ்வொண்ணிலும் ஒரு விசாரணை. முதல் சாவடி தொலைஞ்ச பக்கங்களில் போயிருச்சு.

யோவானின் இரகசிய நூலில் யால்தபாவோத் என்கிற படைப்பாளி வர்றான், சிங்க முகமும் பாம்பு உருவமும். எனக்கு மேல தெய்வம் இல்லைன்னு அவன் மார்தட்டுவான். அவனும் அவன் ஆட்களும் சேர்ந்துதான் மனுஷ உடம்பைச் செஞ்சு ஆத்துமாவை அதில் அடைக்கிறாங்க. இனப்பெருக்க இச்சையை விதைக்கிறதும் அவன் வேலைதான். சோபியா நூலில் உயிர்த்த மீட்பர் பன்னிரண்டு சீடர்களுக்கும் ஏழு பெண்களுக்கும் கலிலேயா மலைமேல் தோன்றிக் கேள்விகளுக்குப் பதில் சொல்றார், அங்கேயும் இதே ஏக்கம்.

இந்த மூணையும் படிச்ச கையோட 128ஆம் பக்கத்தைத் திருப்புறார் நம்ம வாசகர். இச்சையால குருடான ஒருத்தன், அந்த இச்சைக்குத் தப்பின ஒரு பெண். மாலதிக்கு வர்ற கோபம் அவருக்கு வந்திருக்காது. முதல் நூல் போதனையாச் சொன்னது இங்கே கதையா வந்திருக்கேன்னு நினைச்சிருப்பார். பேதுருவின் மகளை, ஞானவாதக் கதைகளில் மேலுலகத்திலிருந்து கீழே விழுந்த சோபியா என்கிற ஞானத்தின் குறியீடாவே படிச்ச ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போகணும்னு தோணலை, துறவியா இருந்தாலே போதும், இந்தக் கதை பிடிச்சிருக்கும்.

வடகரை

துறவிதான்னு எப்படி?

ஏட்டுப்பூச்சி

ஏட்டின் தோல் அட்டையில் சக்கரியா என்ற பேர் இருக்கு, தலைமைக் குரு, மடத்து அதிபர் என்கிற பட்டத்தோட.

சகாயம்

இங்கே பிரேக் போடணும் சார். அட்டையில் பேர் இருந்தா அவர்தான் படிச்சார்னு ஆயிடுமா? தோல் விலையுள்ள சரக்கு. வேற புத்தகத்தின் அட்டையை இதுக்கு மாட்டியிருக்கலாம். மடத்தில் இருந்ததுன்னே வெச்சாலும், மறுத்து எழுதறதுக்காகக் கூட வாங்கி வைப்பாங்க. இரனேயு தன் எதிரி நூல்களைப் படிக்காமலா அத்தனை விவரம் எழுதினார்?

ஏட்டுப்பூச்சி

நியாயமான கேள்வி. அட்டை மட்டும் போதாதுங்கிறதை ஒத்துக்கிறேன். ஆனா மறுப்பு எழுத வாங்கினவர் பேதுருவின் செயலை எதுக்கு அதோட சேர்த்து எழுதச் சொல்வார்? அதில் மறுக்க ஒண்ணும் இல்லையே.

அக்மீமுக்கு எதிர்க்கரையில் என்ன இருந்ததுன்னும் பாருங்க. நைலின் மேற்குக் கரையில் வெள்ளை மடம். 5ஆம் நூற்றாண்டில் அதன் தலைவர் ஷெனூத்தே, காப்டிக் உரைநடையின் மிகப் பெரிய பேர். அவர் நெருப்பாக் கொட்டின உரை ஒண்ணு இருக்கு, தள்ளப்பட்ட இரகசிய நூல்களைப் படிக்கிறவங்களுக்கு எதிரா. அதுக்கு முன்னே 367லேயே அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு தன் பாஸ்கா மடலில், வேதத்தில் சேர்ந்த நூல்கள் இன்னின்னதுன்னு பட்டியல் போட்டு, வெளியே இருக்கிறதைத் தொடாதீங்கன்னு எழுதிட்டார். அப்படியும் ரெண்டு தலைமுறை கழிச்சு ஷெனூத்தே தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்ததுன்னா, அந்தப் பக்கத்தில் இதையெல்லாம் யாரோ ஆசையா வாசிச்சுக்கிட்டுத்தானே இருந்திருக்காங்க? நம்ம ஏடும் அதே வட்டாரம், ஏறக்குறைய அதே காலம்.

கோபி_கோவை

ஆக, தடை இருந்தது. நான் முதல்ல சொன்னதுதான்.

ஏட்டுப்பூச்சி

தடை இருந்தது 4, 5ஆம் நூற்றாண்டில். நீங்க சொன்னது 20ஆம் நூற்றாண்டை. ரெண்டுக்கும் நடுவே 1,500 வருஷம் இருக்கு சார்.

சகாயம்

எனக்கு இன்னும் எளிமையான விளக்கம் ஒண்ணு இருக்கு. மூணு நூலும் எழுதி முடிச்சாச்சு, கடைசியில் ஏடு மீந்துபோச்சு. பாப்பிரஸ் வீணாகக் கூடாதுன்னு கையில் கிடைச்ச ஒரு குட்டிக் கதையை எழுதி நிரப்பிட்டார். அவ்வளவுதான். இதில் தத்துவம் எதுக்கு?

ஏட்டிலேயே இதுக்குத் தடயம் இருக்கு. 19ஆம் பக்கத்தில் மரியாளின் நற்செய்தி அஞ்சாவது வரியில் முடிஞ்சதும், ஆறாவது வரியிலேயே யோவான் நூல் தொடங்குது. 77ஆம் பக்கமும் அப்படித்தான், ஏழாவது வரியில் ஒண்ணு முடிஞ்சு எட்டில் அடுத்தது. பேதுரு கதைக்கு மட்டும் புதுப் பக்கம், 128இன் தலையிலிருந்து. முதல் மூணும் ஒரு கட்டு, நாலாவது பின்னால ஒட்டினது.

ஏட்டுப்பூச்சி

நல்ல கவனிப்பு, சகாயம். புதுப் பக்கத்தில் தொடங்கறது எனக்கும் உறுத்துது. ஆனா நிரப்பறதுக்குன்னா ரெண்டு மூணு பக்கம் சரி. இது 128 முதல் 141 வரை, பதினாலு பக்கம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு தப்புக் கணக்குப் போடுற எழுத்தரை யாரும் வேலைக்கு வெச்சுக்க மாட்டாங்க.

நிரப்பினதாவே இருந்தாலும், எதை நிரப்பறதுன்னு ஒரு தேர்வு நடக்குது இல்லையா? நாக் ஹம்மாதியின் ஆறாவது ஏட்டில் எழுத்தரே நடுவில் ஒரு குறிப்பு எழுதியிருக்கார், இந்த மாதிரி ஏடுகளில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது. ஹெர்மெஸ் என்கிற பழைய ஞான குருவின் பேரில் உள்ள ஒரு வேண்டுதலை எழுதி முடிச்சுட்டு, ஏடு எழுதச் சொன்னவங்களுக்குத் தகவல் சொல்றார்: இந்த ஒண்ணைத்தான் எழுதியிருக்கேன், இவருடையது நிறைய என் கைக்கு வந்திருக்கு, அதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும்னு நினைச்சு எழுதலை, உங்களுக்குப் பாரமாயிருமோன்னு தயக்கம். 4ஆம் நூற்றாண்டு எழுத்தர் ஒருத்தர் தன் வாசகரோட அலமாரியில் என்ன இருக்கும்னு யோசிக்கிறார் பாருங்க. அதே ஏட்டில் பேதுருவின் பேரில் ஒரு நூல், ஹெர்மெஸ் நூல்கள், பிளேட்டோவின் குடியரசிலிருந்து கந்தலான மொழிபெயர்ப்பில் ஒரு துண்டு, எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். ஆத்துமாவுக்குப் பிரயோசனப்படுமான்னுதான் பார்த்தாங்க, எந்தக் கட்சின்னு இல்லை.

மாலதி_ந

பிரயோசனம் யாருடைய ஆத்துமாவுக்கு? ஆண் துறவிகள் கூட்டம் ஒண்ணு, ஒரு பொண்ணு முடங்கிக் கிடக்கிறதைப் படிச்சு மனசைத் தேத்திக்குது. அதுக்கு முன்னாடி மரியாள் அழறதையும் படிச்சிருக்கு. நீங்க சொல்ற ஒரே கவலை அங்கே இருக்கலாம் சார். அதுக்கு விலை கொடுக்கிறது ரெண்டு நூலிலும் யாருன்னு பாருங்க.

ஆனா ஒண்ணு. மரியாளின் நற்செய்தியில் அழுகைக்கு அப்புறம் அவ பக்கம் ஒருத்தன் பேசறான். பேதுருவின் செயலில் அதுக்குக்கூட ஆள் இல்லை. கேள்வி கேட்ட அந்தக் கூட்டத்து ஆள்தான் கிட்டத்தட்ட வந்தான், அவனும் விளக்கம் கேட்டுட்டு அடங்கிட்டான். அந்த ஏட்டை வெச்சிருந்தவர் ரெண்டு கதைக்கும் இருக்கிற இந்த வித்தியாசத்தைப் பார்த்திருப்பாரா?

ஏட்டுப்பூச்சி

மாலதி, அதுக்கு ஏட்டில் பதில் இல்லை. ஆனா லேவி பேசினதுக்கு அப்புறம் என்ன ஆச்சுங்கிறதில் ஒரு சுவாரசியம் இருக்கு. மரியாளின் நற்செய்திக்குக் கிரேக்கத்தில் ரெண்டு துண்டு கிடைச்சிருக்கு, ரெண்டும் 3ஆம் நூற்றாண்டு. ஒண்ணு மான்செஸ்டர் ரைலண்ட்ஸ் நூலகத்தில், 463ஆம் எண், 1938இல் வெளியானது. இன்னொண்ணு ஆக்ஸிரிங்கஸ் 3525, வெளியானது 1983இல். ரைலண்ட்ஸ் துண்டில் நூலின் முடிவு தப்பிப் பிழைச்சிருக்கு. பெர்லின் ஏட்டில், லேவி சொன்னதைக் கேட்டு எல்லாரும் போதிக்கக் கிளம்பறாங்க. கிரேக்கத்தில் கிளம்பறது லேவி மட்டும்.

மாலதி_ந

ஓ. அப்போ பழைய பிரதியில் பேதுரு மனசு மாறலையா?

ஏட்டுப்பூச்சி

மாறினதா அந்தத் துண்டு சொல்லலை. லேவி தனியாப் போறார், மத்தவங்க என்ன செஞ்சாங்கன்னு அதில் இல்லை. காப்டிக்கில் எல்லாரையும் சேர்த்துக் கிளப்பி விட்டிருக்கு. யாரோ எங்கேயோ பன்மையாக்கியிருக்காங்க, தெரிஞ்சே செஞ்சதோ கை வழுக்கினதோ.

வடகரை

இது என் கேள்விக்கு நேரா வந்து விழுது. பேதுருவும் சமாதானமாகி எல்லாரோடயும் கிளம்பிட்டார்னு முடியுற பிரதிதான் பெர்லின் ஏட்டில் இருக்குன்னா, அதே ஏட்டின் கடைசியில் பேதுரு நாயகரா வர்றதில் முரணே இல்லையே. கிரேக்கப் பிரதி உள்ளே இருந்திருந்தா இடிச்சிருக்கும்.

சகாயம்

அண்ணே, அழகா இருக்கு, ஆனா ஒரே ஒரு வினைமுற்றின் மேல பெரிய மாடி கட்டாதீங்க. ரைலண்ட்ஸ் துண்டே ஓட்டையும் கிழிசலுமா இருக்கிறது. எழுத்தர் ரெண்டு முடிவையும் பக்கத்தில் வெச்சு இதை எடுத்தார்னு சொல்ல ஆதாரம் இல்லை, அவர் கைக்கு வந்தது இது ஒண்ணுதானா இருக்கும். நான் இன்னும் மீந்த ஏடு கட்சிதான்.

மாலதி_ந

நான் எந்தக் கட்சியும் இல்லை. அந்த 133, 134 எங்கேயாவது ஒரு பெட்டியிலிருந்து வந்தா சொல்லுங்க. பொண்ணை அங்கே கொண்டுபோனதுக்கும் வாசலில் கிடத்தினதுக்கும் நடுவில் அவ ஏதாவது பேசினாளான்னு தெரியணும்.

ஏட்டுப்பூச்சி

பண்டிகைக்கு அப்புறம் யோவானின் இரகசிய நூலுக்குத் தனி இழை போடறேன், நாலு பிரதியையும் ஒப்பிட்டு. பெர்லின் ஏட்டில் இருக்கிறது சுருக்கமான வடிவம், நாக் ஹம்மாதி மூணாவது ஏட்டிலும் அதே வகை. ரெண்டு, நாலாவது ஏடுகளில் நீண்ட வடிவம், அதில்தான் உடம்பின் ஒவ்வொரு உறுப்பையும் செஞ்ச தூதர்களின் பெயர்ப் பட்டியல் பக்கம் பக்கமா வரும். கோபி சார், அந்தப் பட்டியலை யார் மறைச்சாங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க.

கோபி_கோவை

கேட்பேன்.